குழாய்க்கும் சுவர் ஸ்பீக்கருக்கும் ஒரே லைன்: ஓமை விடுங்கள், வாட்டைக் கூட்டுங்கள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பள்ளிக்குப் பழைய மாணவர்கள் சேர்ந்து 120 வாட் பி.ஏ. (பொது அறிவிப்பு) ஆம்ப்ளிஃபயர் ஒன்றும், வகுப்பறைகளுக்குப் பத்து சுவர் ஸ்பீக்கரும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளியில் ஏற்கெனவே நான்கு குழாய் ஸ்பீக்கர்கள் கிடந்தன. இரண்டுக்குள் டிரான்ஸ்பார்மர் உண்டு. மற்ற இரண்டும் வெறும் 16 ஓம் யூனிட். சுவர் ஸ்பீக்கரின் பின்னால் "100 வோல்ட்: 10 வாட் 1 கிலோ ஓம், 5 வாட் 2 கிலோ ஓம்" என்று அச்சடித்திருக்கிறது. 5 வாட் முனையில் மீட்டரை வைத்தால் 140 ஓம்தான் காட்டுகிறது. ஆம்ப்ளிஃபயரின் முதுகில் காம் (பொது முனை), 4, 8, 16, 70 வோல்ட், 100 வோல்ட் என்று ஆறு திருகுகள். வயரிங் செய்தவர் எல்லாவற்றையும் 8 ஓம் திருகில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். வெறும் குழாய் இரண்டும் கத்துகின்றன, மற்றதெல்லாம் கிசுகிசுக்கிறது. "இவ்வளவு ஹை இம்பீடன்ஸ் ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபயரை எப்படி மேட்ச் செய்வது? வீட்டில் சும்மா இருக்கும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரே போதுமா?" இதுதான் கேள்வி.

அந்த "மேட்ச்" என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஆம்ப்ளிஃபயரின் ஓமும் ஸ்பீக்கரின் ஓமும் (இம்பீடன்ஸ், அதாவது ஒலி ஓடும்போது காட்டும் தடை, ஓமில்தான் அளப்பார்கள்) சமமாக இருக்க வேண்டும் என்று பாலிடெக்னிக்கில் படித்தவர்களும் சொல்வார்கள். அது பழைய டெலிபோன் லைன் காலத்துக் கணக்கு. இன்றைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் எதையும் எடுத்துக்கொள்ளுங்கள், அதன் சொந்த அவுட்புட் இம்பீடன்ஸ் ஒரு ஓமில் சிறு பின்னம்தான் இருக்கும். அதற்குச் சமமாக யாரும் ஸ்பீக்கர் செய்வதில்லை. ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டியதெல்லாம் "இதற்குக் கீழே ஸ்பீக்கர்களின் மொத்த ஓம் போகக் கூடாது" என்ற ஒரு கீழ் எல்லைதான். மேலே எவ்வளவு போனாலும் அதற்குக் கவலை இல்லை, சத்தம் குறையும், அவ்வளவே.

100 வோல்ட் லைன் என்பதை வீட்டுக் கரண்ட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு 230 வோல்ட் வருகிறது. அதில் பல்பு, ஃபேன், மிக்ஸி எல்லாம் பேரலலாகத் தொங்குகின்றன. புதிதாக ஒரு பல்பு மாட்டும்போது அதன் ஓம் என்ன என்று யாராவது கேட்கிறோமா? 60 வாட்டா, 9 வாட்டா என்றுதான் பார்க்கிறோம். எல்லா வாட்டையும் கூட்டினால் மீட்டர் போர்டு தாங்க வேண்டும். ஸ்பீக்கர் லைனும் அதே கதைதான். ஆம்ப்ளிஃபயர் முழு வேகத்தில் ஓடும்போது லைனில் 100 வோல்ட் நிற்கும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் தன் டிரான்ஸ்பார்மர் வழியாகத் தனக்கு எழுதியிருக்கும் வாட்டை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். கூட்டுத்தொகை ஆம்ப்ளிஃபயரின் வாட்டைத் தாண்டக் கூடாது.

ஓம் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு கணக்கு போதும். பத்தாயிரத்தை வாட்டால் வகுங்கள். 10 வாட் ஸ்பீக்கர் என்றால் 1000 ஓம், 20 வாட் என்றால் 500, 5 வாட் என்றால் 2000. உங்கள் ஸ்பீக்கரில் அச்சடித்திருப்பதும் இதைத்தான். 70 வோல்ட் லைனுக்குப் பத்தாயிரத்துக்குப் பதில் ஐயாயிரம்.

இதே கணக்கை ஆம்ப்ளிஃபயருக்கும் போட்டுப் பாருங்கள், ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். 120 வாட் ஆம்ப்ளிஃபயர் என்றால் பத்தாயிரத்தை 120-ஆல் வகுத்தால் 83 ஓம். அதாவது "100 வோல்ட்" என்று எழுதியிருக்கும் திருகு உண்மையில் "83 ஓம்" திருகு. உள்ளே இருப்பது ஒரே அவுட்புட் டிரான்ஸ்பார்மர். அதன் ஒரே சுற்றிலிருந்து வெவ்வேறு இடங்களில் டேப்பிங் எடுத்து இந்தத் திருகுகளில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். முழு வால்யூமில் 4 ஓம் திருகில் 22 வோல்ட், 8-இல் 31, 16-இல் 44, அப்புறம் 70, 100. ஏணிப்படி மாதிரி. எந்தப் படியில் நின்றாலும் மொத்தம் கிடைப்பது அதே 120 வாட்தான். அதனால்தான் குழாயை 16-இலும் சுவர் ஸ்பீக்கரை 100-இலும் ஒரே நேரத்தில் கட்டி இரண்டு பக்கமும் முழுச் சுமை ஏற்றக் கூடாது.

இப்போது உங்கள் பள்ளியில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். எல்லாமே 8 ஓம் திருகில், அதாவது அதிகபட்சம் 31 வோல்ட்டில். 5 வாட் டேப்பிங்கில் (5 வாட் முனையில்) இருக்கும் சுவர் ஸ்பீக்கருக்கு 31 வோல்ட் கொடுத்தால் அரை வாட்கூட வராது. பத்தில் ஒரு பங்கு. கிசுகிசுக்காமல் என்ன செய்யும்? உள்ளே டிரான்ஸ்பார்மர் உள்ள குழாய்களுக்கும் அதே கதிதான். ஆனால் டிரான்ஸ்பார்மர் இல்லாத அந்த இரண்டு 16 ஓம் குழாய்களும் பேரலலில் சேர்ந்து 8 ஓம் ஆகிவிட்டன. தற்செயலாகச் சரியான திருகில் உட்கார்ந்துவிட்டன. ஆம்ப்ளிஃபயரின் 120 வாட்டையும் அவை இரண்டே பங்கு போட்டுக்கொள்கின்றன, தலைக்கு 60 வாட். யூனிட் 30, 40 வாட் என்றால் வகுப்பறையில் கேட்கவில்லையே என்று யாராவது வால்யூமை முழுக்கத் திருகும் நாளில் அதன் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) போய்விடும். இன்றைக்கே அவை இரண்டையும் கழற்றி வையுங்கள்.

சரி, கணக்கைப் போடுவோம். 120 வாட் ஆம்ப்ளிஃபயர் என்றால் நான் 120-க்கும் லோடு ஏற்ற மாட்டேன். ஐந்தில் நான்கு பங்கு, 96 வாட், அதோடு நிறுத்துவேன். டிரான்ஸ்பார்மர்களின் இழப்பு, வயரின் இழப்பு, அடுத்த வருடம் தலைமையாசிரியர் அறைக்கு ஒன்று வேண்டும் என்று கேட்கப்போவது, எல்லாம் மிச்ச 24-க்குள் அடங்க வேண்டும். வகுப்பறை ஸ்பீக்கர் பத்தையும் 5 வாட் டேப்பிங்கில் வையுங்கள், 50 ஆயிற்று. நான்கு குழாய்களையும் தலைக்கு 10 வாட்டில் வைத்தால் 40. மொத்தம் 90. முடிந்தது. ஓமில் சொன்னால் 111 ஓம். ஆம்ப்ளிஃபயரின் எல்லை 83. தாராளம்.

"குழாய்க்கு வெறும் 10 வாட்டா?" என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். 20 வாட்டை 10 ஆக்கினால் குறைவது 3 டெசிபல். பக்கத்தில் பக்கமாக மாற்றி மாற்றிக் கேட்டால்தான் காதுக்குத் தெரியும். குழாய் என்பது சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரைவிடப் பல மடங்கு திறமையானது. ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் நூறு டெசிபலைத் தாண்டிவிடும். ஒரு மைதானத்தில் பிரார்த்தனையும் அறிவிப்பும் கேட்கப் பத்து வாட் குழாய் நான்கு தாராளம். அக்கம்பக்கத்து வீடுகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள இடத்தையே அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். குழாயின் வாயை ரோட்டுப் பக்கம் திருப்பாமல் மைதானத்தைப் பார்த்துக் கொஞ்சம் கீழே சாய்த்து மாட்டுங்கள். தேவையும் அதுதான், சண்டையும் வராது.

அடுத்து அந்த 140 ஓம். நீங்கள் பதற வேண்டாம். மல்டிமீட்டர் காட்டுவது டிரான்ஸ்பார்மரின் செப்புக் கம்பியின் டி.சி. ரெசிஸ்டன்ஸை மட்டும். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் என்பது ஏ.சி.யில், அதாவது ஒலி ஓடும்போது தெரிவது. மீட்டரில் 140 காட்டும் சுற்று 2000 ஓமாக இருப்பது இயல்புதான். பழைய 60 வாட் குண்டு பல்பை மீட்டரில் வைத்தால் 60, 70 ஓம் காட்டும். கணக்குப்படி எரியும்போது 880 ஓம். (பல்பில் காரணம் சூடு, இங்கே காரணம் டிரான்ஸ்பார்மரின் இண்டக்டன்ஸும் அதன் வழியே பிரதிபலிக்கும் ஸ்பீக்கர் காயிலும். உவமை அந்த அளவுக்குத்தான்.)

பின்னால் எழுத்து அழிந்துபோன பழைய குழாயாக இருந்தால்? உங்களிடம் இருக்கும் டிரான்ஸ்பார்மர் குழாய் இரண்டும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இம்பீடன்ஸ் மீட்டர் என்று தனியாக விற்கிறது, ஆனால் அதற்குச் செலவழிக்க வேண்டாம். ஒரு 470 ஓம் ரெசிஸ்டரை வாங்குங்கள், கால் வாட் போதும். குழாயோடு அதைத் தொடராகச் சேர்த்து, வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் ஒரு சேனலில் கட்டுங்கள். மொபைலில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு 400 ஹெர்ட்ஸ் ஓட விடுங்கள். 1000 ஹெர்ட்ஸ்தான் வழக்கம், ஆனால் சாதாரண மஞ்சள் மீட்டர்கள் ஏ.சி.யை 400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காக அளக்கும். ரெசிஸ்டரின் குறுக்கே எத்தனை வோல்ட், குழாயின் குறுக்கே எத்தனை வோல்ட் என்று எழுதுங்கள். ரெசிஸ்டரில் 4.7-உம் குழாயில் 5.0-உம் வந்தால், குழாய் 500 ஓம், அதாவது 100 வோல்ட் லைனில் 20 வாட். வெறும் விகிதக் கணக்கு. மீட்டர் கொஞ்சம் பொய் சொன்னாலும் இரண்டிலும் ஒரே பொய்தான் சொல்லும், அடிபட்டுப் போகும். ஒன்று மட்டும், மலிவு மீட்டரில் ஏ.சி.க்கு ஆகச் சிறிய ரேஞ்சே 200 வோல்ட்டாக இருக்கும், ஒரு தசமம்தான் காட்டும். அதனால் மொத்தம் பத்து வோல்ட்டாவது வரும் அளவுக்கு வால்யூம் வையுங்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், 400 ஹெர்ட்ஸ் குழாயில் அழுவது சகிக்காது.

வெறும் 16 ஓம் குழாய்கள் இரண்டுக்கும் லைன் மேட்சிங் டிரான்ஸ்பார்மர் வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் எல்.எம்.டி. என்று கேட்டாலே கொடுப்பார்கள். 10 வாட் டேப்பிங் உள்ளதாக வாங்குங்கள். ஒரு பக்கம் லைன், மறு பக்கம் 4, 8, 16 என்று ஸ்பீக்கர் முனைகள். எழுத்து இல்லாவிட்டால் மீட்டரில் அதிக ஓம் காட்டுவது லைன் பக்கம், ஓரிரு ஓம் காட்டுவது ஸ்பீக்கர் பக்கம். இதைத் தலைகீழாகக் கட்டினால் ஆம்ப்ளிஃபயருக்குக் கிட்டத்தட்ட ஷார்ட்.

கடையில் எல்.எம்.டி. கிடைக்காத ஊரில் நாங்கள் செய்வது வேறு. 15-0-15, 1 ஆம்பியர் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதன் 230 வோல்ட் சுற்றை லைனிலும், இரண்டு 15 முனைகளையும் குழாயிலும் கட்டி, நடு ஒயரை டேப் சுற்றி விட்டுவிடுவோம். 230-க்கு 30 என்றால் விகிதம் ஏழரைக்குச் சற்று மேல். அதை வர்க்கமாக்கி 16-ஆல் பெருக்கினால் சுமார் 940 ஓம். லைனில் பத்தரை வாட். கேட்டதற்குக் கேட்டபடி. டிரான்ஸ்பார்மருக்குள் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் தாங்கும் இரும்பு 100 வோல்ட்டை 22 ஹெர்ட்ஸ் வரை தாங்கும், குழாயோ இருநூறு, முந்நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வாயே திறக்காது. மேல் சுரங்கள் கொஞ்சம் மழுங்கும். பிரார்த்தனைக்கும் அறிவிப்புக்கும் அது பொருட்டல்ல, கச்சேரிக்கு வைக்காதீர்கள். 12-0-12 வைத்தால் இதே குழாய்க்கு 7 வாட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும், அதுவும் மோசமில்லை.

கட்டும் முறை எளிது. காமிலிருந்து ஒரு ஒயர், 100 வோல்ட் திருகிலிருந்து ஒரு ஒயர். எல்லா ஸ்பீக்கரும் இந்த இரண்டுக்கும் குறுக்கே, பேரலலில். தொடராக ஒன்றையும் கட்ட வேண்டாம். வகுப்பறைக்கு ஒரு லைன், மைதானத்துக்கு ஒரு லைன் என்று ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்தே இரண்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு சுவிட்ச் வையுங்கள். தேர்வு நேரத்தில் மைதானம் மட்டும், மழை நாளில் வகுப்பறை மட்டும் என்று போட்டுக்கொள்ளலாம். ஒயரின் நிறத்தை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் ஒன்று தலைகீழாகக் கட்டப்பட்டால் இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்குக் குரல் உள்ளீடற்றுக் கேட்கும். அப்புறம், டோன் கண்ட்ரோலில் பாஸை நன்றாகக் குறைத்து வையுங்கள். லைன் டிரான்ஸ்பார்மர்கள் சின்ன இரும்பு. அடிச் சுரம் அதிகமாகப் போனால் இரும்பு காந்தத்தால் நிரம்பி, அந்த நொடியில் அது டிரான்ஸ்பார்மராக இல்லாமல் வெறும் கம்பியாகிவிடும். அப்போது ஆம்ப்ளிஃபயர் பார்ப்பது அந்த 2000 ஓமை அல்ல. நம் பையன்கள் ஆண்டு விழாவில் குத்துப்பாட்டு போடும்போது ஃபியூஸ் போவதற்கும், காலைப் பிரார்த்தனையில் போகாததற்கும் காரணம் இதுதான்.

70 வோல்ட் திருகு எதற்கு? இதற்கென்றே ஒரு தந்திரம் இருக்கிறது. அமெரிக்காவில் 70 வோல்ட்டும், மற்ற பெரும்பாலான இடங்களில் 100-உம் வழக்கம். நம் ஊர் ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலும் இரண்டுமே இருக்கும். 100 வோல்ட்டுக்குச் செய்த ஸ்பீக்கரை 70 திருகில் கட்டினால் ஒவ்வொன்றும் பாதி வாட் மட்டும் வாங்கும். ஆபத்தில்லை. திருவிழாவில் திடீரென்று இன்னும் நாலு குழாய் கட்டச் சொல்லிவிட்டார்கள், லோடு 180 வாட் ஆகிவிட்டது, 120 வாட் ஆம்ப்ளிஃபயர் அடுப்பு மாதிரி சுடுகிறது என்றால், லைனை 100-இலிருந்து 70-க்கு மாற்றிவிடுவோம். 180 வாட் லோடு 90 வாட் ஆகிவிடும். சத்தம் 3 டெசிபல் குறையும், யாரும் கவனிக்க மாட்டார்கள். இதன் எதிர்ப்பக்கம் ஆபத்து: 70 வோல்ட்டுக்கென்று எழுதிய ஸ்பீக்கரை 100-இல் கட்டினால் இரண்டு மடங்கு வாட் இழுக்கும்.

வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் விஷயம். 8 ஓமில் 50 வாட் என்றால் அது கொடுப்பது 20 வோல்ட். உங்கள் 111 ஓம் லைனில் அதைக் கட்டினால் மொத்தமே மூன்றரை வாட்தான் போகும், பதினான்கு ஸ்பீக்கருக்கும் சேர்த்து. ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்றும் ஆகாது, அது சும்மா இருப்பது போலத்தான். குழாய் மட்டும் என்றால் அமைதியான இடத்தில் அதுவும் கேட்கும். வகுப்பறைக்குப் போதாது. எதிர்மாறாகச் செய்வதுதான் விபரீதம்: வீட்டு 8 ஓம் பெட்டியைக் கொண்டுவந்து 100 வோல்ட் திருகில் கட்டுவது. 100 வோல்ட் 8 ஓமில் விழுந்தால் 1250 வாட் கேட்கும். கணக்கு அப்படி, நடப்பது என்னவென்றால், ஆம்ப்ளிஃபயரால் அவ்வளவு தர முடியாமல் மூச்சுத் திணறும், ஸ்பீக்கர் காயில் கருகும், எது முந்துகிறதோ அது போகும். நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு கல்யாண வீட்டில் இதைச் செய்திருக்கிறேன். மாப்பிள்ளை அழைப்பு நேரம், இருட்டு, டார்ச் வாயில், திருகு எண் சரியாகத் தெரியவில்லை. வால்யூமைத் தொட்டதும் பெட்டியிலிருந்து ஒரு "டப்", அப்புறம் வார்னிஷ் கருகும் வாசனை. குருநாதர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அவருடைய எல்லா ஆம்ப்ளிஃபயரிலும் 100 வோல்ட் திருகுக்குச் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்திருந்தார். அவர் மகளுடையது.

வயதான மைக்செட்காரர் யாராவது வந்து "லோடு இல்லாமல் ஆம்ப்ளிஃபயரை ஆன் பண்ணாதே, வெடிச்சுடும்" என்று சொன்னால் அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர் வால்வு செட்டில் பழகியவர். வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் இல்லாமல் வால்யூம் வைத்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் உள்ளே வோல்டேஜ் ஏகத்துக்கும் ஏறி, இன்சுலேஷன் ஓட்டையாகிவிடும். ஷார்ட்டை அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். டிரான்சிஸ்டர் செட்டுக்கு நேர் எதிர்: லோடே இல்லாவிட்டாலும் நிம்மதியாக இருக்கும், ஷார்ட் ஆனால்தான் போகும். இரண்டு தலைமுறையின் எச்சரிக்கையும் கலந்துதான் இன்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இன்னொன்று, "ஹை இம்பீடன்ஸ் ஸ்பீக்கர்" என்றால் பழைய ரேடியோ பிரியர்கள் வேறொன்றையும் நினைப்பார்கள். பிலிப்ஸ் 1950-களில் காயிலையே 800 ஓமாகச் சுற்றிய ஸ்பீக்கர்களைச் செய்தது, வால்வு ரேடியோவில் அவுட்புட் டிரான்ஸ்பார்மரே இல்லாமல் ஓட்டுவதற்காக. அதில் டிரான்ஸ்பார்மர் கிடையாது, காயிலே மெல்லிய முடி மாதிரி. அது கையில் கிடைத்தால் 100 வோல்ட் லைனில் மட்டும் மாட்டிவிடாதீர்கள். கணக்குப்படி 12 வாட்டுக்கு மேல் அதன் தலையில் இறங்கும்.

இவ்வளவு டிரான்ஸ்பார்மர் தொல்லை எதற்கு, நேராக 8 ஓமில் ஓட்டினால் என்ன என்று கேட்டால், பதில் ஒயரில் இருக்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர், 200 மீட்டர் தூரம். போக வர 400 மீட்டர், சுமார் 7 ஓம். கடைசியில் 8 ஓம் ஸ்பீக்கர் இருந்தால், ஆம்ப்ளிஃபயர் கொடுக்கும் சக்தியில் பாதிக்குச் சற்றுக் குறைவானது ஒயரைச் சூடாக்கவே போகும். ஸ்பீக்கருக்கு வருவது, ஒயரே இல்லாமல் கட்டியிருந்தால் வந்திருக்கக் கூடியதில் கால் பங்கை ஒட்டி. அதே ஒயரில் 100 வோல்ட் லைனாக 90 வாட் லோடு, 111 ஓம் இருந்தால் 7 ஓம் ஒன்றுமே இல்லை. நூற்றுக்கு 88 பங்கு போய்ச் சேரும். மின்வாரியம் உயர் அழுத்தத்தில் கரண்டைக் கொண்டுவருவதும் இதற்காகத்தானே. ஆகவே தடித்த ஒயர் வாங்க வேண்டாம், 1 சதுரம் போதும். ஆனால் செப்பா என்று பாருங்கள். மலிவாகக் கிடைப்பதில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. ரெசிஸ்டன்ஸ் சுமார் ஒன்றரை மடங்கு, அதைவிடப் பெரிய தொல்லை ஜாயிண்டில் பூஞ்சணம் மாதிரி வெள்ளை பூத்து ஆறு மாதத்தில் விட்டுவிடும். நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மைக் ஒயரையும் இந்த லைனையும் ஒரே பைப்பில் விடாதீர்கள். லைனில் ஓடுவது 100 வோல்ட், மைக்கில் ஓடுவது மில்லிவோல்ட். ஒன்றோடொன்று ஒட்டி ஓடினால் சத்தம் லைனிலிருந்து மைக்குக்குத் திரும்பி வந்து, யாரும் பேசாமலேயே கூவ ஆரம்பிக்கும். மைக்கை எங்கே நகர்த்தினாலும் நிற்காது. மெயின்ஸ் ஒயரோடும் சேர்க்காதீர்கள். இன்னொன்று, 100 வோல்ட் என்பது விளையாட்டல்ல. முழு வால்யூமில் தொட்டால் ஷாக் அடிக்கும். பிள்ளைகள் நடமாடும் இடம், திறந்த ஜாயிண்ட் எதுவும் கை எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது, ஆம்ப்ளிஃபயரின் திருகுகளுக்கு மூடி போட்டே வையுங்கள்.

வேலை முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள், மீட்டரை இப்போதுதான் நிஜமாகப் பயன்படுத்தப்போகிறோம். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, இரண்டு லைனையும் கழற்றி, ஒவ்வொன்றின் டி.சி. ஓமையும் தனித்தனியாக அளந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். வகுப்பறை லைனில் பத்து ஸ்பீக்கர், ஒவ்வொன்றும் 140 என்றால் 14 ஓமும் ஒயருக்குக் கொஞ்சமும் சேர்ந்து வரும். பின்னாளில் அது கூடியிருந்தால் ஏதோ ஒரு ஸ்பீக்கர் விட்டுப்போயிருக்கிறது. குறைந்திருந்தால் எங்கோ ஷார்ட். ஒரு பள்ளியில் மழைக்கால விடுமுறை முடிந்து வந்தபோது லைன் இரண்டரை ஓம் காட்டியது. மீட்டர் ஒயரை ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்ததில் அதற்கே 0.4. மிச்சம் 2.1. ஒரு சதுர ஒயர் ஒரு மீட்டருக்குப் போக வர 0.035 ஓம், வகுத்தால் அறுபது மீட்டர். அடியளந்து நடந்தேன். வேப்பமரத்தடியில் போய் நின்றது. மேலே பார்த்தால், கிளையை ஒட்டிப் போன ஒயரை அணில் இரண்டு விரல்கடை நீளத்துக்குத் தோலுரித்து வைத்திருந்தது, நனைந்த இலை ஒன்று ஒட்டிக்கொண்டு, செம்பு இரண்டும் முத்தமிட்டுக்கொண்டிருந்தன. ஏணி வைத்து ஏறி, பைப் போட்டுத் திரும்ப இழுக்க அரை மணி நேரம். கதவில் எழுதியிருந்த அந்த ஓர் எண் இல்லாவிட்டால் பதினொரு வகுப்பறையிலும் ஸ்டூல் போட்டு ஏறியிருக்க வேண்டும்.